உபயம் எழுதாத பெட்டி

அத்தியாயம் 6

"பிறக்காத கன்னுக்குட்டிக்குத் தடுப்பூசி போட்டது யாரு?"

பிரகதாம்பாள் இப்படிக் கேட்டபோது ஜஸ்டின் வாயில் பாதி உளுந்த வடை இருந்தது. மீதிப் பாதி கையில் இருந்தது. வடையை விழுங்குவதா, பதில் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தவன், இரண்டையும் ஒன்றாகவே செய்தான்.

"டாக்டரு ரொம்ப உஷார் பேர்வழி போல மேடம். தாய் மாடு நெனைச்ச உடனே ஊசியோட வந்துட்டாரு."

"விளையாடாத. இங்கிட்டு வந்து பாரு. கன்னு பொறந்தது தை மாசம். ஐப்பசியிலயே ஊசி போட்டாச்சுன்னு டேட்டாபேஸ் சொல்லுது."

ஜஸ்டின் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தான். பார்த்து என்ன, அவனுக்கு அதில் கன்றும் தெரியவில்லை, ஊசியும் தெரியவில்லை. ஆனாலும் தலையை நன்றாக ஆட்டினான். துப்பறியும் உதவியாளன் வேலையில் முக்கால்வாசி தலையாட்டல்தான் என்பது அவனுக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

அதற்கு முன் ஜஸ்டின் ஜல்லிக்கட்டு மைக்காரன். வாடிவாசலுக்கு மேலே பரண் கட்டி உட்கார்ந்து, வருகிற காளையையும் பிடிக்கிற வீரரையும் வம்புக்கு இழுப்பதுதான் தொழில். ஒரு ஊரில் பரிசாக வைத்த அண்டாவில் ஓட்டை இருப்பதை மைக்கிலேயே சொல்லித் தொலைத்தான். அன்றோடு மைக் போயிற்று. புதுக்கோட்டையில் செல்போன் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தும் பிரகதாம்பாள்தான் அவனைச் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். பொய் சொல்லும் பிள்ளைகளை இருபது வருஷம் பார்த்துவிட்டதால், பெரியவர்கள் சொல்லும் பொய் அவருக்குப் பெரிய விஷயமாகவே தெரிவதில்லை.

இப்போது இருவரும் உட்கார்ந்திருந்தது குன்றாண்டார்கோவிலில், காளை வளர்ப்போர் சங்க அலுவலகத்தில். சுவர் முழுக்கக் காளைகளின் போட்டோ. மனிதர்கள் ஓரமாக, பாதித் தோள் வெட்டுப்பட்டு நின்றார்கள். மூலையில் ஒரு மேசைமேல் சங்கத்தின் சர்வர் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் எதிரே கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள், இவர்களை வரவழைத்த மோகனப்ரியா. என்ஜினீயரிங் படித்துவிட்டு ஊரிலேயே வேலை வேண்டுமென்று சங்கத்தில் சேர்ந்த பெண். சேர்ந்ததுதான் வினை.

சங்கத்து மாடுகள் எல்லாவற்றின் குணத்தையும் அவள்தான் டேட்டாபேஸில் ஏற்ற ஏற்பாடு செய்தாள். எந்த மாடு வாடிவாசலை விட்டு வந்ததும் இடப்பக்கம் திரும்பும், எது நின்று விளையாடும், எது பின்னங்காலால் உதைக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஊசி போட வரும் டாக்டர் உதை வாங்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம். திருமயத்துக் கிளையில் ஒரு லேப்டாப்பில் தட்டினால், குன்றாண்டார்கோவில் சர்வரில் வந்து பதியும். வழியில் யாரும் படித்துவிடக் கூடாது என்று அந்தக் கனெக்‌ஷனை என்கிரிப்ட் செய்து வைத்தாள். அதாவது, லேப்டாப் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் கன்னாபின்னாவென்று கலைந்துதான் ரோட்டில் போகும். சர்வரிடம் வந்துதான் பழையபடி சேரும்.

இவ்வளவு இருந்தும் ரகசியம் வெளியே போனது. போன ஞாயிற்றுக்கிழமை ஜல்லிக்கட்டில் இருளாண்டி என்ற வீரர், காளை வெளியே வருவதற்கு முன்பே அது திரும்பப் போகும் பக்கத்தில் போய் நின்று, பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்து மாடுகள் வரிசையாகப் பிடிபட்டன.

"சாயங்காலம் கூட்டம்," என்று வாசலில் குரல் கேட்டது. சங்கத் தலைவர் திருப்பதி. தோளில் துண்டு, சட்டைப் பையில் இரண்டு போன். "இந்தப் புள்ளைய வேலைய விட்டு எடுக்குறோம். அதோட இவுக வீட்டு மாடு மணியனையும் சங்கத்துல இருந்து நீக்குறோம். காட்டிக்குடுத்த வீட்டு மாட்டை எந்த வாடிவாசல்லயும் அவுக்க விடமாட்டோம்."

"நான் காட்டிக்குடுக்கல தலைவரே," என்றாள் மோகனப்ரியா. "பாருங்க, திருமயத்துல இருந்து வந்த ஒவ்வொரு கனெக்‌ஷனும் என்கிரிப்ட் ஆகித்தான் வந்திருக்கு. சர்வரோட பதிவேட்டுல, அந்த லாக்ல இருக்கு. வழியில ஒருத்தரும் படிச்சிருக்க முடியாது."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். பூட்டு நல்லாருக்குன்னு நீயே சாட்சி சொல்ற. பூட்டு ஒடையாம களவு போச்சுன்னா, சாவி வச்சிருக்கவகதான எடுத்திருக்கணும்?"

தன்னைக் காப்பாற்றக் காட்டிய அத்தாட்சியே தன் கழுத்தைப் பிடித்தது அவளுக்குப் புரிந்தது. ஜஸ்டினுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மணியனை அவனுக்குத் தெரியும். பரணில் இருந்தபோது எத்தனையோ தடவை அறிவித்திருக்கிறான். நல்ல மாடு. பிடிபட்டாலும் கோபித்துக்கொள்ளாத மாடு.

"கூட்டத்துக்கு நாங்களும் வாரோம்," என்றார் பிரகதாம்பாள். "அதுக்கு முன்னாடி திருமயம் போயிட்டு வந்துர்றோம்."

"அங்கிட்டு எதுக்கு? அங்க ஒண்ணும் இல்லைங்களே," என்றார் திருப்பதி, கொஞ்சம் வேகமாகவே.

"அந்தக் கன்னுக்குட்டி ஊசி விவரம் அங்க இருந்துதான் வந்திருக்கு. சும்மா ஒரு குசலம் விசாரிச்சுட்டு வாரோம்."

* * *

பிரகதாம்பாளின் கார் புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை இருமியது. திருமயம் கோட்டை கண்ணில் பட்டதும் மூன்றாவது தடவை இருமிவிட்டு, ஒரு உரக்கடை வாசலில் தானாகவே நின்றது. நல்லவேளையாக அவர்கள் போக வேண்டிய இடமும் அதுதான். கிளை அலுவலகம் உரக்கடைக்கு மேலே.

கிளைப் பொறுப்பாளர் கண்ணுசாமி நெற்றி நிறையத் திருநீறோடு வரவேற்றார். உட்காரச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதுகு சாயும் இடத்தில் கொட்டை எழுத்தில் 'உபயம்: பொற்கொடி, துணைத் தலைவர்' என்று எழுதியிருந்தது. ஜஸ்டின் அண்ணாந்து பார்த்தான். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயம். டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் போட்டது போக, வெளிச்சம் வருவதற்கு ஒரு சாண் இடம்தான் மிச்சம். சுவர்க் கடிகாரத்தில் உபயதாரர் பெயர் ஆறு என்ற எண்ணை முழுசாக மூடியிருந்தது.

"அண்ணே, சாயங்காலம் ஆறு மணி எப்ப ஆகுதுன்னு எப்படிண்ணே தெரிஞ்சுக்குறீங்க?"

"அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல ஆயிரும் தம்பி," என்றார் கண்ணுசாமி, நிஜமாகவே விளக்கும் குரலில்.

பிரகதாம்பாள் லேப்டாப்பைத் திறந்தார். திரையின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். காலண்டரில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் இன்னும் கார்த்திகையே முடியவில்லை.

"கண்ணுசாமி, இதுல தேதிய யாரு மாத்துனது?"

கண்ணுசாமி கொஞ்சம் நெளிந்தார். பிறகு மறைக்க வேண்டியது எதுவும் இல்லை என்று முடிவெடுத்து நிமிர்ந்தார்.

"நாந்தான் மேடம். தலைவரு மார்கழியில கிளைய தொறக்கச் சொல்லிட்டாரு. தை பொறந்தா மாடு அவுக்க ஆரம்பிச்சுருவாக, அதுக்குள்ள தொறந்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. மார்கழியில யாராச்சும் புதுசா ஒண்ணத் தொறப்பாகளா? எனக்குச் சோறு எறங்கல. அப்பறந்தான் யோசனை வந்துச்சு. நம்ம நாளத்தான் மாத்த முடியாது, கம்ப்யூட்டரு நாள மாத்தலாம்ல? ஆவணி மாசம், வளர்பிறை, நல்ல முகூர்த்தமாப் பாத்து செட் பண்ணி, சூடம் காட்டித் தொறந்தேன். இந்த லேப்டாப்பப் பொறுத்தவரைக்கும் அது ஆவணியிலதான் வேலைக்கு வந்துச்சு."

ஜஸ்டின் அவரைக் கும்பிட்டான். "பரீட்சைக்குப் படிக்காத பயலுகளுக்கெல்லாம் ஒங்க போன் நம்பரக் குடுக்கணும்ணே."

"அதான் பொறக்கறதுக்கு முன்னாடி ஊசி," என்றார் பிரகதாம்பாள். "ஒவ்வொரு விவரமும் இந்த லேப்டாப் தேதியிலதான பதியுது." ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஏதோ ஒன்று அவருக்கு இடித்தது. லேப்டாப்பில் ஏதோ ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து, ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். உடனே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது.

"நெனச்சேன். ஜஸ்டின், சர்டிபிகேட்டுன்னா சர்வரோட அடையாள அட்டை. லேப்டாப்பு பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அத வாங்கிப் பாக்கணும். மோகனப்ரியா அந்த அட்டையப் போட்டது மார்கழியில. இந்த லேப்டாப்பு கார்த்திகையில இருக்கு. இன்னும் பொறக்காத ஆளு வந்து அடையாள அட்டைய நீட்டுனா நீ நம்புவியா?"

"நம்ப மாட்டேன் மேடம். ஊசி வேணா போடுவேன்."

"அப்ப இத்தனை மாசமா இது சர்வரோட எப்படிப் பேசுச்சு? அட்டைய வாங்கிப் பாக்க வேண்டாம்னு யாரோ இந்த டிக்க எடுத்து விட்டுருக்காங்க."

"அது தலைவரு மேடம்," என்றார் கண்ணுசாமி. "தொறப்பு விழா அன்னைக்கே கனெக்‌ஷன் வரமாட்டேன்னு மக்கர் பண்ணுச்சு. தலைவரு கீரனூர்ல கம்ப்யூட்டர் சென்டரே வச்சிருக்காருல்ல? குனிஞ்சு என்னமோ ரெண்டு தட்டு தட்டினாரு. வந்துருச்சு. எல்லாரும் கை தட்டினோம்."

பிரகதாம்பாள் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். "பூட்டுப் போட்டுப் பேசறது ஒண்ணு. யார்கிட்டப் பேசறோம்னு பாக்கறது இன்னொண்ணு. இந்த லேப்டாப்பு ரகசியத்தக் காதோட காதாத்தான் சொல்லியிருக்கு. யார் காதுன்னுதான் பாக்கல."

"அப்ப தேதியச் சரி பண்ணிட்டா வேலை முடிஞ்சுது," என்றான் ஜஸ்டின்.

அப்படித்தான் பிரகதாம்பாளும் நினைத்தார். லேப்டாப்பைக் கார்த்திகையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து சித்திரையில் விட்டார். கண்ணுசாமி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். டிக் போட்டது போட்டபடி இருந்தது. இப்போது சர்டிபிகேட் பிறந்து வளர்ந்துவிட்டது. லேப்டாப் அதை வாங்கிப் பார்த்து, சரி என்று சொல்லி, சந்தோஷமாகப் பேச வேண்டும்.

மறுபடியும் சிவப்பு எழுத்து. இந்தத் தடவை வேறு வரி. இந்த அட்டையில் கையெழுத்துப் போட்டவரை எனக்குத் தெரியாது.

பிரகதாம்பாள் மோகனப்ரியாவுக்குப் போன் போட்டார். "சர்டிபிகேட்ட நடுவுல மாத்துனியாம்மா?"

"இல்லையே மேடம். அன்னைக்குப் போட்டதுதான். இங்க இருந்து அனுப்பறதுக்கு முன்னாடி அந்த லேப்டாப்புலயே டெஸ்ட் பண்ணித்தான் குடுத்தேன். சரியா இருந்துச்சு."

போனை வைத்துவிட்டு அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப இந்த அட்டைய நீட்டுறது வேற யாரோ. ஜஸ்டின், இந்த ரூமுல பேர் எழுதாத பொருள் ஏதாச்சும் இருக்கா, தேடு."

ஜஸ்டின் தேடினான். தண்ணீர்க் குடத்தில் பெயர் இருந்தது. டம்ளரில் இருந்தது. குப்பைக் கூடையை ஒரு குடும்பமே சேர்ந்து கொடுத்திருந்தது. விளக்குமாற்றின் பிடியில் கூட சின்னதாக ஒரு உபயம் ஒட்டியிருந்தது. கடைசியில் மேசைக்கு அடியில், இன்டர்நெட் ஒயர் சுவரை விட்டு வரும் இடத்தில், கைக்கு அடக்கமாக ஒரு கறுப்புப் பெட்டி கண்ணில் பட்டது. பச்சை விளக்கு மினுங்கியது. மேலே சந்தனப் பொட்டு, ஒரு துண்டு கனகாம்பரம்.

"இது யாரு குடுத்தது?"

"தெரியல மேடம்," என்றார் கண்ணுசாமி. "மாசி மாசம் ஒரு நாள் வந்து தொறந்தா இருந்துச்சு. யாரோ பெரிய மனுசரு விளம்பரம் வேண்டாம்னு வச்சுட்டுப் போயிருப்பாகன்னு நெனச்சேன். பேரில்லாட்டி என்ன, பொருளுக்கு மரியாத செய்யணும்ல? பொட்டு வச்சேன்."

"ரூமுக்குச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. தலைவருகிட்ட ஒண்ணு."

பிரகதாம்பாள் முதல் தடவையாகச் சிரித்தார். "நம்ம ஊர்ல ஒருத்தரு பேர் போடாம ஒரு பொருளக் குடுத்தா அது உபயமே இல்ல ஜஸ்டின். கன்னக்கோலு. இந்தப் பெட்டி நடுவுல உக்காந்துக்கிட்டு லேப்டாப்புகிட்ட நாந்தான் சர்வருங்குது. சர்வருகிட்ட நாந்தான் லேப்டாப்புங்குது. ரெண்டு பக்கமும் பூட்டுப் போட்டுத்தான் பேசுது. அதனாலதான் மோகனப்ரியாவோட லாக்ல எல்லாமே என்கிரிப்ட்டுன்னு வந்திருக்கு. அந்தப் புள்ள சொன்னது சத்தியம். நடுவுல மட்டும் தொறந்து படிச்சுட்டு மறுபடி பூட்டி அனுப்பியிருக்காங்க."

"பெட்டி யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதுவும் ஒரு அடையாள அட்டைய நீட்டிருக்குல்ல? அதுல என்ன எழுதிருக்குன்னு பாப்போம்."

அவர் இரண்டு தட்டுத் தட்டினார். திரையில் அட்டை விரிந்தது. பெயர்: சூறாவளி. ஊர்: கீரனூர்.

ஜஸ்டினுக்கு வயிற்றுக்குள்ளிருந்து பழைய மைக் குரல் தானாக எழும்பியது. "பாருங்க பாருங்க, வாடிவாசலப் பாருங்க! கீரனூர் திருப்பதி அண்ணன் மாடு, சூறாவளி வருது, தொட்டுப் பாரு, முடிஞ்சா தொட்டுப் பாரு!" பாதியில் நிறுத்தினான். "மேடம்! தலைவரு மாடு!"

"அட்டை செய்யறப்ப கம்ப்யூட்டரு பேர் கேக்கும். அஞ்சாறு எழுத்து ஏதாச்சும் தட்டி வச்சிருந்தா முடிஞ்சிருக்கும். காளை வளக்குற மனுசன், கை சும்மா இருக்குமா?"

இருக்காது என்பது ஜஸ்டினுக்கு நன்றாகத் தெரியும். திருப்பதியின் பைக்கில் சூறாவளி. வீட்டுக் கேட்டில் சூறாவளி. மகள் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு மேலே சூறாவளி. வெளியே பெயர் எழுதக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த மனிதர், உள்ளே போய் எழுதிவிட்டார்.

"அப்ப ஆள் மாட்டியாச்சு! கெளம்புங்க மேடம்."

"மாட்டல. ஒரு பேர யாரு வேணும்னாலும் எழுதலாம். மோகனப்ரியாவே எழுதிட்டு என் தலையில கட்டுறான்னு தலைவரு சொல்லிட்டா என்ன பண்ணுவ? நீ கீழ போயி மூணு டீ வாங்கிட்டு வா."

துப்பறியும் உதவியாளன் வேலையில் மீதிக் கால்வாசி டீ வாங்குவது. ஜஸ்டின் போனான். திரும்பி வந்தபோது டிக் மறுபடியும் எடுக்கப்பட்டிருந்தது. பிரகதாம்பாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "இப்ப சர்வரச் சாத்தும்மா... ம்... அனுப்பிட்டேன். சரி, தொறந்துக்க." திரையில், பதிய முடியவில்லை என்று வந்தது. அதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. வேலை நடக்கவில்லை என்று மகிழ்ந்த மனுஷியை ஜஸ்டின் அன்றுதான் பார்த்தான்.

"என்ன மேடம் எழுதுனீங்க?"

"ஒரு பொய்," என்றார் பிரகதாம்பாள், டீயை ஊதிக்கொண்டே.

* * *

கூட்டத்துக்கு நல்ல கூட்டம். அலுவலகத்து முற்றத்தில் நாற்காலி போதாமல் பாதிப்பேர் நின்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மாடு பிடிபட்டவர்கள் எல்லாம் முன்வரிசையில் இழவு வீட்டு முகத்தோடு இருந்தார்கள். துணைத் தலைவர் பொற்கொடி, இடுப்பில் கை வைத்து மோகனப்ரியாவை முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய காளைதான் இருளாண்டி வாட்ச்சைப் பார்த்தபடி பிடித்த காளை. மைக் ஜஸ்டின் கையில். கேட்டு வாங்கியதல்ல, மேசையில் கிடந்தது, கை தானாகப் போய்விட்டது.

தலைவர் திருப்பதியின் முகம் சரியில்லை. காலையில் இருந்த மிதப்பைக் காணோம். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். ஒரு போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

பிரகதாம்பாள் எழுந்து நடந்ததைச் சொன்னார். தேதி மாறிய லேப்டாப், எடுக்கப்பட்ட டிக், பெயர் எழுதாத பெட்டி. கடைசியில் அட்டையில் இருந்த பெயரைச் சொன்னதும் கூட்டம் மொத்தமும் தலைவரைத் திரும்பிப் பார்த்தது.

திருப்பதி சிரித்தார். தயாராக வைத்திருந்த சிரிப்பு.

"அம்மா, சூறாவளின்னு நான் எழுதி ஒங்க முதுகுல கூட ஒட்டலாம். அதுக்காக நீங்க என் மாடா? இந்தப் புள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும். என் மாட்டுப் பேரும் தெரியும். பெட்டியச் செஞ்சு, பேரப் போட்டு, அங்க வச்சுட்டா. மாட்டிக்கிட்டா பழி என் தலையில விழணும்னு. கண்ணுசாமிகிட்ட இவ என்னைக்காச்சும் சாவி வாங்குனாளான்னு கேளுங்க."

"லேப்டாப்பக் கொண்டாந்து குடுத்த அன்னைக்கு வாங்குனுச்சு," என்றார் கண்ணுசாமி பரிதாபமாக. பொய் சொல்லத் தெரியாத ஆளை சாட்சியாகக் கூப்பிட்டால் இதுதான் கதி.

முற்றம் இரைந்தது. "அதான பாத்தேன்!" என்றார் பொற்கொடி. "தீர்மானத்த எழுதுங்க. புள்ளையும் வேண்டாம், மணியனும் வேண்டாம்." மோகனப்ரியா ஏதோ சொல்ல எழுந்தாள், இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. ஜஸ்டின் பிரகதாம்பாளைப் பார்த்தான். அவர் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவுதானா? டீ வாங்கி வந்ததெல்லாம் வீணா?

"சரிங்க," என்றார் பிரகதாம்பாள் அலுப்பான குரலில். "ஒங்க சங்கம், ஒங்க முடிவு. ஒரே ஒரு சின்ன விஷயம். இன்னைக்குத் திருமயத்துல இருந்தப்ப தலைவரு மாடு சூறாவளியப் பத்தி ஒரு விவரம் வந்துச்சு. போன தடவை அது ஏன் பிடிபட்டுச்சுன்னு. அதப் பதியறதா வேணாமான்னு கூட்டம் சொல்லிட்டா, நான் பாட்டுக்குக் கெளம்பிருவேன். ஜஸ்டின், தலைவருகிட்ட மைக்கக் குடு."

ஜஸ்டின் மைக்கை நீட்டினான். திருப்பதி அதை வாங்கவில்லை, பிடுங்கினார்.

"பதிவீகளோ? என்னான்னு பதிவீக? எவன்டா சொன்னவன்! என் சூறாவளி கோழியக் கண்டு மெரண்டு ஓடுச்சா? கோழியக் கண்டு! அதுவும் நொண்டிக் கோழி! அஞ்சு ஊரு வாடிவாசல்ல நின்னு வெளாண்ட மாடுடா அது! கோழியாம் கோழி!"

மைக் நன்றாக வேலை செய்தது. கோழி என்ற சொல் அலுவலகத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களை எல்லாம் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டு அடங்கியது.

பிரகதாம்பாள் நிதானமாக எழுந்தார்.

"நான் கோழின்னு சொல்லவே இல்லைங்களே."

திருப்பதியின் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த போனைப் பொத்தியது.

"நொண்டிக் கோழியும் நான் எழுதுனதுதான். திருமயத்துல, அந்த லேப்டாப்புல. நான் அனுப்பறப்ப மோகனப்ரியா இங்க சர்வரச் சாத்தி வச்சிருந்துச்சு. அதனால அது டேட்டாபேஸுக்கு வரவே இல்ல. மோகனப்ரியாவுக்கும் தெரியாது, கண்ணுசாமிக்கும் தெரியாது, கூட இருந்த என் ஆளுக்கே தெரியாது. நடுவுல ஒக்காந்திருந்த பெட்டிக்கு மட்டுந்தான் தெரியும். பெட்டி யாரு போனுக்குச் சொல்லுச்சோ அவருக்குத் தெரியும்."

பொற்கொடி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கை எங்கே போய் விழப்போகிறதோ என்று ஜஸ்டின் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். ஆனால் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏன் தலைவரே? காசு வாங்குனீகளா?"

"காசா?" திருப்பதி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மைக் இன்னும் கையில்தான் இருந்தது, அதனால் அவர் மெதுவாகச் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது. "ஒத்தப் பைசா வாங்கல. தை மாசம் சூறாவளிய ஒரு காலேஜ் பய பிடிச்சுட்டான். சங்கத்துலயே அன்னைக்குப் பிடிமாடு என் மாடு மட்டுந்தான். தலைவரு மாடு. டீக்கடைக்குப் போனா பேச்சு நின்னு போகுது. ஒங்க எல்லார் மாடும் பிடிபட்டுச்சுன்னா என் மாடு தனியா நிக்காதேன்னுதான் இருளாண்டிக்குச் சொல்லிவிட்டேன்."

இப்படி ஒரு காரணத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு வாய் திறந்தவர்கள் என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்கள். ஏனென்றால் டீக்கடையில் பேச்சை நிறுத்தியவர்கள் அவர்கள்தான்.

பொற்கொடி தீர்மானத்தை மாற்றினார். மோகனப்ரியா வேலையில் இருப்பாள், மணியன் சங்கத்தில் இருக்கும், தலைவர் இந்த நிமிஷத்திலிருந்து தலைவர் இல்லை. கைகள் உயர்ந்தன. திருப்பதியும் தன் கையை உயர்த்தினார். கண்ணுசாமி எழுந்து, இனிமேல் எந்த முகூர்த்தத்துக்கும் கம்ப்யூட்டர் தேதியில் கை வைப்பதில்லை என்று கேட்காமலே சத்தியம் செய்தார்.

மோகனப்ரியா முன்வரிசையைத் தாண்டி வந்து திருப்பதியின் எதிரே நின்றாள். காலையிலிருந்து அழுத பெண். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் போகிறாள், கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான் என்று ஜஸ்டின் நினைத்தான்.

"பிடிபட்டு வந்த அன்னைக்கு அதுக்கு என்ன குடுத்தீங்க?" என்றாள்.

திருப்பதி நிமிரவில்லை. "நான் கட்டுத்தரைப் பக்கமே போகலம்மா. இன்னைக்கு வரைக்கும் போகல. பண்ணையாளு வைக்குற தீனியத்தான் திங்குது. அது மொகத்தப் பாக்க முடியல."

"அதுக்கு என்னங்க தெரியும்? ஓடுச்சு, வந்துச்சு, ஒங்களத் தேடிருக்கும். மணியன் எத்தனையோ தடவை பிடிபட்டிருக்கு. எங்கப்பா ஒவ்வொரு தடவையும் பருத்திக்கொட்ட ஆட்டி வச்சுட்டு, அது திங்கிற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்திருப்பாரு."

திருப்பதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மைக்கை ஜஸ்டின் கையில் வைத்தார்.

"எங்க கெளம்பிட்டீக? இன்னும் கூட்டம் முடியல. இன்னும் கேக்க வேண்டியது நெறைய இருக்கு," என்றார் பொற்கொடி.

"நாளைக்கு வந்து நிக்குறேன் தாயி. எல்லாத்தையும் கேளுங்க. இப்பப் போனாத்தான் கடை சாத்தறதுக்குள்ள பருத்திக்கொட்ட வாங்க முடியும்."

வாசல் வரை நெருக்கிக்கொண்டு நின்றவர்கள் நகரவில்லை. விடலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜஸ்டின் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோய், பரண்மேல் இருந்த காலத்துக் குரலை எடுத்தான்.

"வழி விடுங்க, வழி விடுங்க! மாட்டுக்காரரு போறாரு, வழி விடுங்க!"

கூட்டம் விலகியது.